வறண்ட ஊரில் விருந்து

ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் கோயிலைப் பார், குளத்தைப் பார் என்று பெரியோர் சொல்லுவார்கள். மூன்றாவதாக, அவ்வூர் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே உட்கார்ந்து, எதைத் தின்றுகொண்டு, என்ன பேசுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். கோயில் ஊரின் பக்தியைக் காட்டும். குளம் அதன் செழிப்பைக் காட்டும். சிற்றுண்டிச் சாலையோ அதன் மனத்தையே காட்டிவிடும்.

சென்ற கோடை விடுமுறையில் நாமும் நமது இல்லாளும் ஸ்பெயின் தேசத்தில் பார்ஸிலோனா நகரத்துக்குப் போயிருந்தோம். உபாத்தியாயர் வேலை பார்க்கிறவருக்கு ஐரோப்பா யாத்திரை எப்படிக் கிட்டியது என்று வாசகர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். பதினைந்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் எட்டாம் வகுப்பில் சரித்திரமும் பூகோளமும் வாசித்த பிள்ளை ஒருவர் இப்போது அந்நகரில் என்ஜினீயராக இருக்கிறார். "ஸார், டிக்கெட் அனுப்பிவிட்டேன். அம்மாவையும் அழைத்துக் கொண்டு அவசியம் வர வேண்டும். வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டின ஊரை நேரில் பார்க்க வேண்டாமா?" என்று எழுதினார். வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பார்ஸிலோனாவில் பார்க்க வேண்டியவை பல. 1882-ஆம் வருஷத்தில் கட்டத் தொடங்கி, நூற்று நாற்பது வருஷங்களுக்குப் பின்னும் கொத்தனார் சத்தம் ஓயாத ஸக்ராதா பமீலியா என்னும் மாதா கோயில் இருக்கிறது. அதற்கு உருக்கொடுத்த கௌதி என்னும் சிற்பி 1926-இல் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். அழகான கடற்கரையும் இருக்கிறது. அவற்றைப் பற்றி எழுதினவர் அநேகர். நாம் எழுதப் போவது ஆறே மேஜைகள் கொண்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி.

அந்தக் கடை இருக்கும் பேட்டைக்குப் போப்லே ஸெக் என்று பெயர். 'வறண்ட ஊர்' என்று அர்த்தமாம். மோன்யூயிக் என்னும் குன்றின் அடிவாரத்தில், வேலைக்காரக் குடும்பங்கள் குடியேறி உண்டான பேட்டை. பெயர்தான் வறண்ட ஊரே தவிர, எந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் திராட்சை ரஸப் பீப்பாய்கள் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. மதுவிலக்குப் பிரசாரத்தைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்த நமக்கு அந்தக் காட்சி சற்றுத் திகிலாகத்தான் இருந்தது. "பயப்படாதீர்கள், ஸார். புளிக்காத திராட்சைச் சாறும் கொடுப்பார்கள். மோஸ்தோ என்று கேட்டால் போதும்" என்று சிஷ்யர் அபயம் அளித்தார்.

பேட்டையின் வாசலில் மூன்று பெரிய புகைபோக்கிகள் வானளாவ நிற்கின்றன. பழைய மின்சார நிலையம் ஒன்றின் மிச்சம் அவை. ஜனங்கள் 'கனடாக்காரி' என்று அழைத்த கம்பெனிக்குச் சொந்தமான நிலையம் அது. அந்தக் கம்பெனியின் தொழிலாளிகள் 1919-ஆம் வருஷம் பிப்ரவரியில் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். நாற்பத்து நான்கு நாள் நீடித்தது அது. நகரம் இருட்டில் மூழ்கிற்று. டிராம் வண்டிகள் நின்றன. அதன் பலனாக அதே வருஷம் ஏப்ரலில் ஸ்பெயின் அரசாங்கம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் செய்தது. இன்று நாம் மாலை ஐந்து மணிக்குக் குடையை எடுத்துக் கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறோமே, அந்தச் சுகத்துக்காகப் பாடுபட்டவர்களில் இந்தப் பேட்டைவாசிகளும் உண்டு என்று எண்ணியபோது புகைபோக்கிகளைப் பார்த்து ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது.

கடைக்குள் நுழைந்தோம். மணி ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பேட்டை முழுவதும் இப்படிக் கடைகளில் கூடி ஏதாவது கொறிப்பது அந்த ஊர் வழக்கம். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி, கைக்குழந்தை, நாய்க்குட்டி சகிதம் குடும்பம் குடும்பமாய் வந்திருந்தார்கள். சலவைக்கல் பதித்த மேஜைகள். நீண்டு கிடக்கும் மரப்பலகை மேடை. அதன் பின்னால் கண்ணாடி ஜாடிகளில் விதவிதமான ஆலிவ் காய்கள். கூரையிலிருந்து பன்றித் தொடைகள் சில தொங்கிக் கொண்டிருந்தன. நமது இல்லாள் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டாள். நம்மை அவற்றைப் பார்த்தபடி உட்கார வைத்தாள். இல்லறம் என்றால் இதுதான்.

எதிர்ச் சுவரில் ஒரு கரும்பலகை. நம்முடைய தொழில் காரணமாகக் கண் முதலில் அதன்மேல்தான் போயிற்று. அன்றைய பட்சணங்களின் பெயர்கள் அதில் வெண்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. கோணல் மாணல் இல்லாமல், குண்டு குண்டாக, இரண்டு கோட்டு நோட்டில் எழுதப் பழகிய குழந்தையின் எழுத்தைப் போலிருந்தது. "யார் எழுதினது? கடைக்காரர் மகளா?" என்று கேட்டோம். "கடைக்காரரின் தாயார்" என்றார் சிஷ்யர். அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

இந்த மாதிரிக் கடைகளில் பரிமாறும் தின்பண்டங்களுக்குத் 'தாபாஸ்' என்று பெயர். 'தாபா' என்றால் ஸ்பானிஷ் பாஷையில் மூடி. ஈ விழாமல் இருக்கக் குவளையின்மேல் ஒரு ரொட்டித் துண்டை மூடி வைத்துக் கொடுத்தார்களென்றும், அதிலிருந்து இப்பெயர் வந்ததென்றும் ஒரு கதை வழங்குகிறது. ஓர் அரசருடைய குவளையில் கடற்கரை மணல் விழாதபடி ஒரு பணியாள் மூடின கதை இன்னொன்று. கதை எப்படியானாலும் வழக்கம் தெற்கே அந்தலூஸியா சீமையில் வேரூன்றினது. அங்கே கிரனாதா நகரில் இன்றைக்கும் ஒரு பானம் வாங்கினால் ஒரு சின்னத் தட்டு இனாமாக வரும். இலை போட்டு வரிசையாகப் பரிமாறும் விருந்து அல்ல இது. உள்ளங்கை அகலத் தட்டில் நாலு வாய்க்கு ஆகும் பண்டம் வரும். மேஜையில் உள்ளவர்கள் எல்லாரும் அதிலிருந்து எடுத்துக் கொள்வார்கள். பிறகு அடுத்த தட்டு. அடுத்த தெருவில் வேறொரு தினுசு இருக்கிறது. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு குச்சி செருகியிருக்கும். தின்று முடித்தபின் தட்டில் கிடக்கும் குச்சிகளை எண்ணி விலை போடுவார்கள். பந்துக் குச்சி வைத்துக் கூட்டல் சொல்லிக் கொடுக்கும் முதல் வகுப்பு உபாத்தியாயினி இதைக் கண்டால் மகிழ்ந்து போவாள்.

முதலில் வந்தது ரொட்டி. அதன்மேல் பழுத்த தக்காளியை அழுத்தித் தேய்த்து, உப்புத் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அவ்வளவுதான். 'பா அம் துமாக்கத்' என்று பெயர். 'தக்காளியோடு ரொட்டி' என்று அர்த்தம். காய்ந்து போன ரொட்டியை எறிய மனமில்லாத ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த பண்டம் என்றும், கட்டலோனியா சீமையின் கொடி போன்றது என்றும் சிஷ்யர் சொன்னார். பழைய சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து தேவாமிர்தமாக்கிய நம்மவர்களுக்கு இதன் தத்துவம் சொல்லாமலே விளங்கும்.

அடுத்த தட்டில் கத்தரிக்காயும் குடமிளகாயும் வந்தன. தணலில் சுட்டுத் தோலை உரித்து, நீள நீளமாய்க் கிழித்து, எண்ணெயில் புரட்டியிருந்தார்கள். 'எஸ்கலிபாதா' என்று பெயர். நமது இல்லாள் ஒரு வாய் போட்டுக் கொண்டாள், கண்ணை மூடினாள். "இது சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு. புளி விட்டுக் கடுகு தாளிக்க மறந்துவிட்டார்கள்" என்று தீர்ப்புக் கூறினாள். அத்தீர்ப்புக்குச் சரித்திரத்தின் ஆதரவு உண்டு. கத்தரிக்காய் நம் கீழ்த்திசையிலிருந்து பாரசீகம் வழியாக அராபியர் கைக்குப் போய், அவர்கள் மூலம் ஸ்பெயினுக்கு வந்த காய். அராபியச் சொல் கட்டலான் பாஷையில் 'அல்பர்ஜீனியா' என்று ஆயிற்று. அதைப் பிரெஞ்சுக்காரர் 'ஓபர்ஜீன்' என்று வாங்கிக் கொண்டார்கள். இன்று லண்டன் காய்கறிக் கடையிலும் அதே பெயர்தான். அதன் ஒன்றுவிட்ட சகோதரனான போர்த்துகீசியச் சொல்லோ கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பி வந்து 'பிரிஞ்சால்' ஆயிற்று. நம் வீட்டுப் பிள்ளை ஊர் சுற்றி வேறு பெயரோடு வந்து நிற்க, நாமும் அன்னியன் என்று எண்ணி உபசாரம் செய்தோம்!

பிறகு உருளைக்கிழங்கு வறுவல் காரமான சிவந்த குழம்புடன் வந்தது. பக்கத்தில் பூண்டும் எண்ணெயும் சேர்த்துச் சிறு உரலில் இடித்துக் குழைத்த வெண்மையான துவையல். பழைய முறைப்படி பூண்டும் எண்ணெயும் மாத்திரந்தான் அதில் உண்டு. இப்போது பல கடைகளில் முட்டையும் சேர்க்கிறார்கள் என்று சிஷ்யர் எச்சரித்தார். கடைக்காரரிடம் விசாரித்ததில், இங்கே பழைய முறைதான் என்று தெரிந்து கை வைத்தோம். கீரையை உலர்ந்த திராட்சையும் பைன் மரத்துக் கொட்டையும் போட்டு வதக்கினது ஒன்று வந்தது. விரல் நீளப் பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்துக் கல்லுப்புத் தூவினது ஒன்று வந்தது. இந்த மிளகாயில் பத்தில் ஒன்று காரமாக இருக்கும். எது என்று யாருக்கும் தெரியாது. நமக்குத்தான் அது வாய்த்தது. பக்கத்து மேஜைக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தன.

மிளகாயின் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு சம்பந்தம் உண்டு. இந்தியாவையும் மிளகையும் தேடிக் கிளம்பின கொலம்பஸ் வேறொரு கண்டத்தில் கரையேறிவிட்டு, 1493-ஆம் வருஷம் ஏப்ரலில் இதே பார்ஸிலோனாவுக்கு வந்துதான் ராஜா ராணியிடம் தன் யாத்திரையைப் பற்றிச் சொன்னான். தேடிய மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்துச் சரக்கே. அந்த மிளகாய் போர்த்துகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. மிளகைப் போல் காரமான காய் என்று நாம் அதற்குப் பெயர் வைத்துச் சொந்தமாக்கிக் கொண்டோம். அன்று அந்த மேஜையில் இருந்த பண்டங்களில் பாதி அன்னிய நாட்டிலிருந்து வந்தவை. ஆனால் ருசி அவ்வூருக்கே உரிய ருசி.

கடைசியாக வந்தது, பாலைத் திரித்து எடுத்த மெல்லிய வெள்ளைக் கட்டி. அதன்மேல் தேன் வார்த்திருந்தார்கள். அதைக் கொண்டு வந்தவர் கடைக்காரர் அல்ல. கரும்பலகையில் எழுதின அந்தப் பாட்டி. எண்பது வயதைத் தாண்டியவர், கூன் இல்லை, கண்ணில் மட்டும் தடித்த கண்ணாடி. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இறைச்சி தொடாமல் தட்டுத் தட்டாய்க் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரில் பார்க்க வந்தாராம். நமது இல்லாள் தமிழில், "கத்தரிக்காய் ரொம்ப நன்றாயிருந்தது, பாட்டி" என்றாள். பாட்டி கட்டலான் பாஷையில் ஏதோ சொன்னார். நடுவே சிஷ்யர் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் இருவரும் ஒருவரையொருவர் புரிந்து கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பாட்டி எங்கள் மேஜையிலேயே நாற்காலி இழுத்துப் போட்டுக் கொண்டார்.

அன்று காலையில் நாங்கள் பார்த்து வந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அதே பேட்டையில், குன்றைக் குடைந்து செய்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஆகாய விமானக் குண்டுக்குத் தப்புவதற்காக ஜனங்கள் தாங்களே தோண்டின பதுங்கு குழி. ஆண்பிள்ளைகள் போர்முனைக்குப் போய்விட்டபடியால் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளுமே பெரும்பாலும் மண் சுமந்தார்களாம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலான சுரங்கம். குண்டின் அதிர்ச்சி நேரே பாயாமலிருக்க வளைந்து வளைந்து போகிறது. உள்ளே உட்காரத் திண்ணை, குடிதண்ணீர்க் குழாய், வைத்திய அறை, குழந்தைகளுக்கு ஓர் அறை. நகரம் முழுவதும் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட குழிகள் தோண்டியிருந்தார்கள். ஆயினும் 1938 மார்ச் 16 முதல் 18 வரை மூன்று நாளில் இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டுகளுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் பலியானார்கள்.

"அந்தச் சுரங்கத்தில் என் தாயார் என்னை மடியில் வைத்துக் கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒரு வயசு" என்றார் பாட்டி.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் ஜவாஹர்லால் நேரு இந்நகருக்கு வந்து ஐந்து நாள் தங்கினார். கிருஷ்ண மேனனும் உடன் வந்தார். இரவு தோறும் குண்டு விழுவதை நேரு கண்ணால் கண்டார். தம் தேசம் அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில் இன்னொரு ஜனங்களின் கஷ்டத்தில் பங்கு கொள்ள வந்த அந்த மனிதரைப் பற்றிப் பாட்டிக்குச் சொன்னோம். பாட்டி தலையை அசைத்துக் கேட்டார்.

இரண்டு தேதிகள் நம் மனத்தை உறுத்திக் கொண்டிருந்தன. இரண்டு நாள் முன்பு பழைய நகரத்தில் ஸான் பெலிப் நேரி என்னும் சிறு சதுக்கத்துக்குப் போயிருந்தோம். அங்கே மாதா கோயிலின் கற்சுவர் அம்மை வடு விழுந்த முகம் போல் குழிந்து கிடக்கிறது. 1938 ஜனவரி 30-ஆம் தேதி விழுந்த குண்டினால் அங்கே நாற்பத்திரண்டு பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே ஜனவரி 30-ஆம் தேதியில்தான் நாம் மகாத்மாவை இழந்தோம். இன்று அந்தச் சுவருக்கு முன்னால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பந்தாடுகின்றன. மற்றொரு தேதி 1939 ஜனவரி 26. அன்று நம் தேசத்தில் ஊருக்கு ஊர் மூவர்ணக் கொடி ஏற்றிச் சுதந்திரப் பிரதிக்ஞை எடுத்துக் கொண்டிருந்தார்கள். அதே நாளில் பார்ஸிலோனா நகரம் பிராங்கோவின் சேனையிடம் வீழ்ந்தது.

வீழ்ந்தது நகரம் மட்டுமா? கட்டலான் பாஷை அந்நாட்டு ஜனங்களின் தாய்மொழி. ஸ்பானிஷ் அதன் சகோதரி, தாய் அல்ல. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பேசக்கூடிய பாஷை. பிராங்கோவின் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை, கச்சேரியில் இடமில்லை, குழந்தைக்குப் பெயர் வைத்தால் ரிஜிஸ்தரில் ஸ்பானிஷ் பெயராகவே எழுத வேண்டும். பாட்டிக்கும் வீட்டில் ஒரு பெயர், ரிஜிஸ்தரில் ஒரு பெயர்.

"ஆறு வயசில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்" என்று பாட்டி சொல்லச் சிஷ்யர் தமிழில் சொன்னார். "முதல் நாள் தாகமெடுத்தது. எனக்குத் தெரிந்த வார்த்தையில் தண்ணீர் கேட்டேன். உபாத்தியாயினி கன்னத்தில் அறைந்தாள். ஸ்பானிஷில் கேட்கத் தெரியாததால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், 'நம் வீட்டில் பேசுவது கெட்ட பேச்சா?' என்று கேட்டேன்."

பாட்டி இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். 1975 நவம்பரில் பிராங்கோ இறந்தபின் காலம் மாறிற்று. 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் கட்டலான் பாஷை பள்ளிக்கூடங்களில் மறுபடி கம்பீரமாக உட்கார்ந்தது. பேட்டையில் பெரியவர்களுக்கு இராப் பள்ளிக்கூடம் வைத்தார்களாம். நாற்பது வயசில், பகலெல்லாம் கடையில் உழைத்துவிட்டு, பாட்டி அங்கே போய்த் தம் தாய்மொழியை எழுதக் கற்றார். அதுவரை கரும்பலகையில் எழுதினவர் அவர் புருஷர்; ஸ்பானிஷில் எழுதுவார். அந்த மனிதர் கிரனாதா பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மோன்யூயிக் குன்றின் சரிவில் தகரக் கொட்டகையில் குடியிருந்தவர். தாபாஸ் வழக்கத்தை இந்தக் கடைக்குக் கொண்டு வந்தவர் அவரே. பாட்டி எழுதக் கற்றுவந்த மறுநாள், அவர் வெண்கட்டியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, "இனி நீ எழுது, நான் படித்துக் கற்றுக் கொள்கிறேன்" என்றாராம். அன்றிலிருந்து இன்று வரை, பாட்டி ஒரு நாளும் அந்தக் கரும்பலகையைப் பிறர் கைக்குக் கொடுத்ததில்லை.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது சிஷ்யர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். நமக்குத் தேன் கசந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பதினைந்து வருஷங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகள் இங்கிலீஷில் சரளமாகப் பேச வேண்டும். ஆகையால் வகுப்பிலும் வராந்தாவிலும் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் ஒரு ரூபாய் அபராதம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். எட்டாம் வகுப்பு நோட்டு நம்மிடம் இருந்தது. பிள்ளைகளின் நன்மைக்கென்றே செய்கிறோம் என்று நாம் மனப்பூர்வமாக நம்பினோம். பெயரும் தொகையும் நம் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அறையவில்லை, தண்ணீர் கொடுக்காமல் இருக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அதே கேள்வியைத் தாயாரிடம் கேட்டார்களோ, யார் கண்டது?

"உனக்கு எவ்வளவு அபராதம் போட்டேன், அப்பா?" என்று கேட்டோம்.

சிஷ்யர் சிரித்தார். "பதினேழு ரூபாய், ஸார். அதில் இரண்டு ரூபாய், கீழே விழுந்தபோது 'ஐயோ அம்மா' என்று கத்தினதற்கு."

எங்கள் மேஜையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பாட்டி, என்ன விஷயம் என்று கேட்டார். சிஷ்யர் தயங்கினார். "சொல்லு" என்றோம். சொன்னார். பாட்டி நம்மைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் வகுப்பில் பெஞ்சின்மேல் ஏறி நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

நம் பணப்பையில் ஊரிலிருந்து கொண்டு வந்த சில்லறை கொஞ்சம் கிடந்தது. ஒரு பத்து ரூபாய் நோட்டு, ஓர் ஐந்து ரூபாய்க் காசு, ஒரு இரண்டு ரூபாய்க் காசு. மூன்றையும் சிஷ்யர் முன்னால் வைத்தோம். "வேண்டாம், ஸார்" என்றார். "வாங்கிக் கொள். கடனோடு விமானம் ஏற இஷ்டமில்லை" என்றோம். வாங்கிக் கொண்டார்.

பாட்டி அந்தப் பத்து ரூபாய் நோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் வரிசையாக ஏதோ எழுதியிருக்கிறதே, என்ன என்று கேட்டார். "பத்து ரூபாய் என்றுதான் எழுதியிருக்கிறது, பதினைந்து பாஷைகளில். முகப்பில் ஹிந்தியும் இங்கிலீஷும். இதோ இது எங்கள் தமிழ்" என்று காட்டினோம். பாட்டி ஒவ்வொரு வரியையும் விரலால் தடவினார். பிறகு சொன்னது இது: "இவ்வளவு பாஷைகளையும் ஒரே காகிதத்தில் அச்சடிக்கிற தேசத்திலா பிள்ளைக்கு அபராதம் போட்டீர்கள்?"

சுதந்திர பாரதத்தின் பெருமையையும் நமது சிறுமையையும் ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். பதில் சொல்ல நம்மிடம் எந்தப் பாஷையிலும் வார்த்தை இல்லை. நோட்டைச் சிஷ்யர் பாட்டிக்கே கொடுத்தார். அவர் அதைக் கொண்டுபோய்க் கரும்பலகையின் சட்டத்தில் செருகி வைத்தார்.

புறப்படும்போது கடைக்காரர் வாசல் வரை வந்தார். கடையின் குத்தகை முடிகிறதாம். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை மிகவும் ஏற்றிக் கேட்கிறாராம். பேட்டை வீடுகளைப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம் என்பதால், ஊர்க்காரர்களுக்குக் குடியிருக்க இடம் சுருங்கிவிட்டது. 2024 ஜூலையில் இந்நகரத்து ஜனங்கள் ஊர்வலம் போய், சிலர் பிரயாணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கி பீச்சினதைப் பத்திரிகைகளில் வாசகர்கள் பார்த்திருக்கலாம். அதற்கு முந்தின மாதந்தான், பிரயாணிகளுக்கு விடும் 10,101 வீடுகளின் லைசென்ஸை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று நகரத் தலைவர் அறிவித்தார். "நாங்களும் பிரயாணிகள்தானே? எங்களுக்கு ஏன் தண்ணீருக்குப் பதில் தேன் வார்த்தீர்கள்?" என்று கேட்டோம். "உட்கார்ந்து பேசினவர்கள் விருந்தாளிகள்" என்றார் அவர். நியாயமான இலக்கணமாகவே பட்டது. ஆனாலும் அந்தக் கடை அடுத்த வருஷம் அங்கே இருக்குமா என்ற கவலை நம்மை விட்டுப் போகவில்லை.

ஊருக்குத் திரும்பினோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அபராத நோட்டுகள் இப்போது புதிய அட்டை போட்டு அலமாரியில் தயாராயிருந்தன. நம் வகுப்பு நோட்டை எடுத்துக் கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போய், மேஜைமேல் வைத்து, இனி இதில் நாம் எழுதுவதற்கில்லை என்று சொன்னோம். இங்கிலீஷ் வேண்டாமா என்று கேட்டார். "வேண்டும்; நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறோம். தண்ணீர் கேட்கிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம்" என்றோம். அவருக்கு அர்த்தமாகவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறார்.

இல்லாள் வாரம் ஒரு முறை கத்தரிக்காயைத் தணலில் சுட்டுப் புளியும் கடுகும் இல்லாமல் எண்ணெய் மட்டும் விட்டு வைக்கிறாள். நாம் மறு பேச்சில்லாமல் சாப்பிடுகிறோம்.